நீலத் தொப்பி

சனிக்கிழமை எட்டரைக்கு
மெரிபேங்க் பூங்காவின் பூட்டைத் திறக்கிறேன்.
இருமுறை திருப்பினால்தான் மசியும்.
எண்ணெய் ஆலையின் புகை
இன்று எங்கள் பக்கம் வரவில்லை,
அதற்கே ஒரு கும்பிடு.

சறுக்குமரத்து ஈரத்தைத் துடைக்கிறேன்.
மணற்குழியில் பாட்டில் சில்லு பொறுக்குகிறேன்.
ஒன்பதுக்குள் நாற்பது பிள்ளைகள் வந்துவிடும்.
நான் ஒருத்தி.
எனக்கு இரண்டு கண்,
அதில் ஒன்று எப்போதும் தொங்குகம்பியின் மேல்.

ஆள் சேர்க்க என்னென்னவோ செய்தேன்.
நூலக வாசலில் ஒட்டினேன்,
கோயில் மடப்பள்ளிச் சுவரில் ஒட்டினேன்,
நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில்
இருமல் மருந்துக்கும் குளுக்கோஸுக்கும் நடுவே ஒட்டினேன்:
‘பதினைந்து வயது தாண்டிய இளைஞர் தேவை.
சம்பளம் கிடையாது.’
இரண்டாம் வரியை அடித்துவிடு என்றாள் கடைக்காரி.
அடித்துவிட்டு
‘மதியம் பீன்ஸ் பன்னி உண்டு’ என்றெழுதினேன்.
பதினொரு பேர் வந்தார்கள்.

பன்னிக்காக அல்ல என்று பிறகு தெரிந்தது.
பள்ளிக்கூடம் கேட்கும் சமூக சேவை, இருபது மணிநேரம்.
ஆளுக்கொரு மஞ்சள் தாள்,
என் கையெழுத்துக்குக் கட்டம் போட்டு.
பத்தொன்பதே முக்காலில் லெவாஷ்னி வந்து நின்றாள்:
“கால் மணிதானே ஆன்ட்டி, சேர்த்துப் போடுங்களேன்.”
போட்டேன்.
அடுத்த சனி அவள் இல்லை.
அதற்கடுத்த சனி ஐந்து பேர் இல்லை.

டி-ஷர்ட் அடித்துக் கொடுத்திருந்தேன்.
அவை இன்னும் ஊருக்குள்தான் உலவுகின்றன.
பேருந்து நிறுத்தத்தில் ஒன்று
எனக்குக் கையசைத்துவிட்டு ஏறிப் போனது.
குறை சொல்ல எனக்கு வாயில்லை.
பதினேழு வயதில்
என் சனிக்கிழமையை நான் யாருக்குக் கொடுத்தேன்?

கிரீசனும் போனான்.
இருபது மணி, ஒரு நிமிடம் கூடுதல் இல்லை.
நீலத் தொப்பியை மட்டும் மறந்துவிட்டான்.

மறக்கவில்லை. தாரிஷா எடுத்துவிட்டாள்.
ஆறு வயது, முன்பல் இரண்டும் இல்லை.
மறு சனி அவன் வந்து கேட்டபோது
“தெரியாதே” என்றாள்,
பல் இல்லாத இடம் முழுக்கச் சிரிப்பு.

தேடினான்.
தேடப் போன கை சும்மா இருக்குமா?
போகிற போக்கில் ஒரு ஊஞ்சலைத் தள்ளியது,
ஒருவனுக்கு ஷூ லேஸ் கட்டியது,
ஒரு சண்டைக்கு நடுவே நீண்டு
முழங்கையில் உதை வாங்கியது.
பிள்ளைகள் கலைந்து போனார்கள்.
தொப்பி கிடைக்கவில்லை.

அடுத்த சனி கிடைத்தது, பழைய டயருக்குள்.
போட்டுக்கொண்டான்.
வீட்டுக்குப் போகும்போது தலையில் இல்லை.

தேடித் தருகிறேன் என்று
நொக்வாண்டா கூட வந்தாள்.
அவள் தேடியதை நான் பார்த்ததே இல்லை.
கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தவள்
இரண்டு மாதமாக அதை விடவில்லை.

இப்போதெல்லாம் கிரீசன் எதுவும் கேட்பதில்லை.
உள்ளே நுழைந்ததும்
தானே தொப்பியைக் கழற்றிச்
சறுக்குமரத்தின் மூன்றாம் படியில் வைக்கிறான்,
களவு போக வசதியாக.

பூட்டுக்கு மறுசாவி ஒன்று வெட்டி வைத்திருக்கிறேன்.
அவனுக்குத்தான்.
கைப்பையிலேயே கிடக்கிறது.
கொடுத்தால் இது வேலையாகிவிடுமோ
என்றொரு பயம்.

சென்ற வாரம்
ரோஷிலா என்ற புதுப் பெண்ணுக்குப்
பதினெட்டாவது மணி முடிந்தது.
தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டுக்
குனிந்து குனிந்து தேடுகிறாள்.
இடது செருப்பைக் காணோம்.

மணற்குழியின் மூலையில்
காலையில் இல்லாத ஒரு மேடு.
அதன் மேல் தாரிஷா,
சம்மணம் போட்டு,
வானத்தைப் பார்த்தபடி.

“ஆன்ட்டி, நீங்கள் பார்த்தீர்களா?”

நான் தொங்குகம்பியைப் பார்க்கிறேன்.
கவனமாகப் பார்க்கிறேன்.