எடைமேடையில் ஓர் எங்காங்

கறுப்புக் குர்தாவை
எடைச்சீட்டுகளின் மேல் போட்டாள் புனிதமலர்.
"முதுகுல ஒரு எங்காங் வேணும். பெருசா.
அலகு மஞ்சளா அடிக்கணும் கண்ணுல."
சனிக்கிழமை தம்பிக்குக் கல்யாணம், தெலுக் இந்தானில்.
வெளியே எடைமேடையில் அவள் லாரி
செம்பனைக் குலைகளோடு உறுமிக்கொண்டிருந்தது.

சுங்காயில் துணிச்சாயம் ஒரே கடையில்தான்.
ஆ லெங் குழாய்களைப் பரப்பினாள்.
இது பள்ளிப் பிள்ளைகளுக்கு, துவைத்தால் போய்விடும்.
இது பலகைக்கு, துணியில் வெடிக்கும்.
இதுதான் துணிக்கு. விலை மூன்று மடங்கு.
மஞ்சள் ஒன்று, சிவப்பு ஒன்று எடுத்தேன்.
வெள்ளையைத் தள்ளி வைத்தேன்.
என்னை ஒரு பார்வை பார்த்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை.

ஓரத்து நூல் ஒன்றை உருவிக் கொளுத்தினேன்.
காகிதம் எரிந்த வாசம்; உருகவில்லை.
பருத்திதான்.
கஞ்சி போக அலசிக் காயவைத்து
உள்ளே மைலோ அட்டையைத் திணித்து
மஞ்சளைத் தொட்டு இழுத்தேன்.
துணி குடித்துவிட்டது.
இன்னொரு பூச்சு. அதையும் குடித்தது.
மூன்றாவதில் ஏதோ தெரிந்தது,
ஆலைக் கழிவுக் குளத்தின் நிறத்தில்.

மறுநாள் நான் கேட்கும் முன்பே
அடர்வெள்ளையை எடுத்து வைத்தாள் ஆ லெங்.
பன்னிரண்டு வெள்ளி எண்பது காசு.

கறுப்பில் மஞ்சள் நிற்க
முதலில் பறவை முழுவதும்
வெள்ளையாக வேண்டியிருந்தது,
கண்ணும் கொம்பும் கூட.
ஓர் இரவு அதைக் காயவிட்டேன்.
பிறகு மஞ்சள், தண்ணீர் கலக்காமல், தடிப்பாக.
கொஞ்சம் பெருமைப்பட்டேன், அதுதான் வினை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் விடாத மழை.
முடி உலர்த்தும் மெஷினை
ஒரு மணி நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.
"காஞ்சிருச்சா?"
"மேலதான். உள்ள ஈரம்.
நாளைக்கு உள்பக்கம் திருப்பி இஸ்திரி போட்டாத்தான் பிடிக்கும்."
"நாளைக்குக் கல்யாணம்டி."
எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சனி காலை ஒரு நடை குலை இறக்கிவிட்டு
அதே லாரியில், அதே குர்தாவில்
ஒன்றரை மணி நேரம்
சாய்ந்து உட்கார்ந்து ஓட்டியிருக்கிறாள்.

திங்கள். கதவைத் திறந்து
"வந்து பாரு" என்றாள்.
ரெக்சின் இருக்கையில் மஞ்சள் எங்காங்,
அலகு எதிர்ப்பக்கம் திரும்பி.
குர்தாவில் மிச்சம் வெள்ளை மட்டும்.
கொக்கு ரொம்ப அழகு என்றார்களாம்
பெண் வீட்டார்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன்.
பறவை மேலேயே உட்கார்ந்து
சீட்டுக்குக் கை நீட்டினாள்.
பதினொன்று புள்ளி நான்கு இரண்டு டன்.
பத்துக் கிலோவுக்குக் குறைந்ததை
எங்கள் எடைமேடை காட்டுவதில்லை.

"அடுத்தது நீலத் துணி. மெதுவாவே குடு."

டிராயரைத் திறந்து
வெள்ளைக் குழாயை அமுக்கிப் பார்த்தேன்.
பாதி இருக்கிறது.