கழிக்க

டர்பனில் என் மேசைமேல்
ஒரே விபத்தின் இரண்டு கோப்புகள்.

தேசிகன் பிள்ளை, பல் மருத்துவர்.
வரிச் சான்றுகள் வரிசையாக வந்தன.
எட்டு மில்லியன் ரேண்ட்.
டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டேன்.

லோகம்பா நாயக்கர்,
சாட்ஸ்வொர்த் சந்தையில் கொத்தமல்லி விற்றவர்.
சம்பளச் சீட்டு இல்லை.
இரண்டு நாளாக இவரோடுதான் இருக்கிறேன்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு கொண்டுவருவார்?"
மகன் தன் விரல்களைப் பார்த்தான்.
"மழையென்றால் ஒன்றுமில்லை.
சாயங்காலம் மீந்த கட்டுகளை
பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் கையில்
திணித்துவிட்டு வருவார்."

படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருந்தது:
கழிக்க.

கழித்தேன்.

அந்த நிறுத்தத்தில்
நானும் நின்றிருக்கிறேன்,
கையில் ஏதோ ஈரமாக.
யார் தந்ததென்று திரும்புவதற்குள்
பஸ் வந்துவிட்டது.
ஜன்னலோர இடம்வேறு
காலியாக இருந்தது.