சண்டை என்று எழுதி வைத்தது

மூவாயிரத்து நானூறு கொருனா பாக்கி.
பீர், சிகரெட், நாய்க்கு ஈரல் டப்பா.
டிராம் ஓட்டுகிற கோத்துலா
அதைக் காசாகத் தரவில்லை.
நவம்பரில் ஒரு தள்ளுவண்டியில்
கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து
கல்லாவுக்குப் பக்கத்தில் இறக்கினான்.
இரண்டு மோட்டார், அரை மூட்டைக் கூழாங்கல்,
ஆறு அயிரை.

தட்டை மீன்கள்.
தபால்தலை மாதிரி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு
மோட்டார் தள்ளும் வெள்ளத்தை
முகத்தில் வாங்குகிறவை.
"உன் நாட்டு மீன், குவே" என்றான்.
என் ஊர் ஹாய்ஃபோங். துறைமுகம், டீசல், நண்டு.
இவை பிறக்கிற மலையாற்றை
ரயில் ஜன்னலில்கூட நான் பார்த்ததில்லை.
எங்கள் நாட்டு அயிரையை
ஓஸ்த்ராவாவில், பனி கொட்டுகிற ராத்திரியில்,
கடனுக்கு ஈடாகத்தான் பார்த்தேன்.

"ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் சண்டை.
விட்டுவிடு, தானாக ஓயும்."
இதுவும் அவன் சொன்னது.
கடன் நோட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன்,
ராத்திரி பத்துக்குமேல் ஆள் வராத கடை.

டிசம்பர் 4. பெரியது சின்னதின்மேல் படுத்தது.
செட்டையால் அறைந்தது. சின்னது ஓடிவிட்டது. சண்டை.
டிசம்பர் 19. மறுபடி. பாசிக்கல் யாருக்கு என்று. சண்டை.
ஜனவரி 11. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கு.
குளிர்ந்த தண்ணீர் மாற்றினேன்.
ஒன்று மற்றதைச் சுற்றிச் சுற்றி வருகிறது,
உடம்பெல்லாம் நடுக்கம்.
மற்றது, தலை உருண்டையானது,
கூழாங்கல்லுக்குள் மூஞ்சியைப் புதைக்கிறது.
பயம் என்று எழுதினேன்.
கடை மூடும் நேரம்: இரண்டும் பின்னிக்கொண்டு
குழிக்குள் குலுங்குகின்றன. மணல் பறக்கிறது.
சண்டை.
பீர் அலமாரிமுன் அடித்துக்கொள்ளும் பையன்களுக்குச் செய்வதுபோல
விரல் முட்டியால் கண்ணாடியைத் தட்டினேன்.

பிப்ரவரியில் மோட்டார் இரைந்தது.
பஞ்சை எடுத்து வாளியில் பிழிந்தேன்.
அழுக்குக்குள் இரண்டு கண்.

கையை அப்படியே வைத்துக்கொண்டேன்.
எள்ளுக்கு வால் முளைத்த மாதிரி ஒன்று
வாளியின் சுவரில் ஏறி ஒட்டியது.
பிறகு இன்னொன்று.
தேநீர் வடிகட்டியால் வடித்து எடுத்தேன், ஒன்பது.
எதற்கு முன்னால் பிழிந்த பஞ்சுகளை
நினைக்காமல் இருக்கப் பார்த்தேன்.

நோட்டைத் திருப்பினேன்.
எல்லாம் இருந்தது.
சுற்றியது, நடுங்கியது, தலை புதைத்தது, குழி.
சண்டையென்றால் ஒன்று ஓடும்.
அன்றைக்கு ஒன்றும் ஓடவில்லை,
அதையும் என் கையெழுத்தே சொல்கிறது.
கண் சரியாகப் பார்த்திருக்கிறது.
பெயர் வைத்ததுதான் தப்பு.

வேலை முடிந்து கோத்துலா வந்தான்,
தோளில் உருகாத பனியோடு.
குனிந்து பார்த்தான். தொப்பியைக் கழற்றினான்.
"இதுங்க என் மீனோட குட்டிங்க."
"கடனுக்கு வந்த மீன்."
"கடன் மூவாயிரத்து நானூறுதானே. அதுக்கு ஆறு மீன். கணக்கு முடிஞ்சுது."
"எங்கள் பாஷையில் வட்டி குட்டி போடும், கோத்துலா.
தாய்வட்டி பெற்றால் பிள்ளைவட்டி."
அவன் பாஷையில் அப்படி இல்லையாம்.
கொஞ்சநேரம் யோசித்துவிட்டு
ஒரு பீரை எடுத்தான். "எழுதிக்கொள்."

எழுதினேன். இருபத்தெட்டு.
பின்பக்கத்தில் ஜனவரி 11ஐ அடிக்கவில்லை,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

அந்த நேரத்தில்தான் உருண்டைத்தலை
கல்லுக்குள் மூஞ்சியை இறக்கியது.
மற்றது சுற்ற ஆரம்பித்தது.
நாங்கள் இருவரும் முழங்காலை மடித்து உட்கார்ந்தோம்.
ரொட்டிக்குச் சில்லறையோடு நின்றிருந்த ஒரு பெண்
எங்கள் தலைகளுக்கு மேலே எட்டிப் பார்த்து
"ஐயோ, சண்டையா?" என்றாள்.
"ஆமாம்" என்றான் அவன்.
"இல்லை" என்றேன் நான்.
ஒரே மூச்சில்.
அவளுக்குச் சில்லறையைத்
தப்பாகக் கொடுத்து அனுப்பினேன்.