ஞாயிறு கூடிப்போன நாள்

சுன்னாகம் துணைநிலையம். பகல் பன்னிரண்டு இருபது.
ஐம்பது புள்ளி இரண்டு ஒன்று.
பெரிய எண் இல்லை. ஆனால்
அது ஏறுகிற விதம் பிடிக்கவில்லை,
அடுப்பில் மறந்த பால் மாதிரி.

வெளியில் பங்குனி வெயில்.
பளையில் காற்றாடிகள் அசையவில்லை, நல்லதாய்ப் போச்சு.
இணுவில், கோண்டாவில், உரும்பிராய்,
கூரைக்குக் கூரை கண்ணாடி வயல்
விளைந்து கொட்டுகிறது.
அறுக்கத்தான் ஆளில்லை.
கடை பூட்டு, கந்தோர் பூட்டு,
சனம் ஆட்டுக்கறி தின்றுவிட்டு
மின்விசிறிக்குக் கீழே சரிந்து கிடக்கிறது.
ஒரு மின்விசிறி எவ்வளவைக் குடிக்கும்?

முற்றத்தில், வரப்போகும் மின்கலங்களுக்கென
சீமெந்துத் தளம் போட்டு இரண்டு வருடம்.
அதில் ஒரு ஆடு படுத்திருக்கிறது.

கொழும்பு சொல்லிவிட்டது: கூரைகளை நிற்பாட்டு.
"அன்பார்ந்த பாவனையாளரே,
பிற்பகல் மூன்று மணிவரை
உங்கள் சூரியத் தகடுகளை நிறுத்தி உதவவும்."
எழுதிவிட்டேன். அனுப்ப விரல் போகவில்லை.

ஜாம் போத்தலில் எண்ணெய் விட்டு
ஓமின் விதியைப் பாடமாக்கியவள் நான்.
கரண்ட் என்பதை
கரண்ட் இல்லாத ஊரில் படித்துப்
பரீட்சை எழுதியவள்.
இப்ப என் கையாலேயே
கூடிப்போச்சு, அணையுங்கோ எண்டு.

குருநகர் ஐஸ் ஆலைக்கு அடித்தேன்.
"இண்டைக்கு ஞாயிறு, தங்கச்சி."
"ஞாயிறுதான் பிரச்சினை, யேசுரட்ணம் அண்ணை.
உச்சியில நிக்குது."
சிரித்தார். பிறகு வியாபாரியானார்:
என்ன விலை, எத்தனை மணித்தியாலம்,
ஆர் கையெழுத்து?
கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.
"போடுங்கோ அண்ணை," என்றேன்.

ஐம்பது புள்ளி இரண்டு ஒன்று.
ஒரு தீவின் மூச்சை
ஒரு ஐஸ் ஆலை மாற்றிவிடாது, தெரியும்.
யாழ்ப்பாணத்து ஊசி மட்டும்
ஒரு மயிரிழை இறங்கிற்று,
அல்லது நான் அப்படிப் பார்த்தேன்.

குறுஞ்செய்தியை அனுப்பினேன்.
என் கைப்பையும் அதிர்ந்தது.
எங்கள் கூரையிலும் ஆறு தகடு.

பின்னேரம் ஆறரைக்கு எல்லா வீடும் ஒன்றாய் விழிக்கும்;
கொடுக்க வெயில் இராது,
டீசல் இருமத் தொடங்கும்.
நாளைக்கு விளக்கக் கடிதம் கேட்பார்கள்.
எழுதுவேன்: நூற்றிருபது கட்டி ஐஸ்.

இரவு படகேறிப் போகும் அது.
விடியப்புறம், பாசையூருக்கு வெளியே,
ஒரு விளைமீனின் செவுளோடு ஒட்டி
நேற்றைய மத்தியானம்
சொட்டுச் சொட்டாய்
செலவாகிக்கொண்டிருக்கும்.