வாய்க்கணக்கு

இராயக்கோட்டை தக்காளி மண்டியில்
பதினொரு வருடமாகக் கணக்கெழுதுகிறேன்.
விடிகாலை மூன்றரைக்கு முதல் டெம்போ.
பெட்டிகளை எண்ணி எண்ணி
தூக்கத்திலும் உதடு அசையும் என்பார் வீட்டுக்காரர்.

போன தை மாதம் விரல் மூட்டில் வலி வந்தது.
பேனா பிடிக்கிற விரல்களில்.
காலையில் ஜாக்கெட் ஊக்கைப் போட
பத்து நிமிடம் ஆனது.
கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரியில்
மாத்திரை கொடுத்தார்கள், விழுங்குகிறேன், நிறுத்தவில்லை.
அதற்கு மேலும் ஏதாவது செய்யலாம் என்று
ஓசூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த
மூன்று நாள் முகாமுக்குப் போனேன்.

மேக்ரோபயாட்டிக்.
அந்தச் சொல்லையே மென்றுதான் விழுங்கவேண்டியிருந்தது.

தட்டில் பாதி முழுத்தானியம்.
உன் மண்ணில் விளைந்ததை
விளைந்த பருவத்தில் தின்.
சீனி வேண்டாம், மைதா வேண்டாம்.
ஒவ்வொரு வாய்க்கும் ஐம்பது மெல்.
எண்ணத் தெரிந்தவள்தானே,
தலையாட்டிக்கொண்டே எழுதினேன்.

தாளைத் திருப்பினால்
தக்காளி கூடாது.
கத்திரி, உருளை, மிளகாய் கூடாது.
மாம்பழம் கூடவே கூடாது,
வெப்பநாட்டுப் பழமாம்,
உடம்பைக் குளிர்த்தித் தளர்த்திவிடுமாம்.

கையைத் தூக்கினேன்.
சார், எங்க மண்ணில் விளையறதே
இதுங்கதானே?

அவர் சிரித்தார்.
பனி விழும் ஊரில் போட்ட பட்டியல்,
நீங்கள் கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம் என்றார்.
கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று சொல்லவில்லை.
எடை சொல்லாத வியாபாரி.
வாசலில் கடல்பாசி விற்றார்கள்,
பாக்கெட் நானூற்றெண்பது.
கார்பன் பேப்பர் மாதிரி கறுப்பாக இருந்தது.
தொட்டுப் பார்த்துவிட்டு பஸ் ஏறினேன்.

அஞ்செட்டியிலிருந்து சாமை வரவழைத்தேன்.
சாமைக்கு ஐம்பது மெல் சுலபம்.
இருபதில் இனிக்கும்,
நாற்பதில் வாயில் எதுவும் மிஞ்சாது,
பத்து மெல் காற்றுக்கு.
களியில்தான் தகராறு.
அவரைக்கொட்டைக் குழம்பில் புரட்டி
உருட்டிப் போட்டால்
தொண்டை தானே வாங்கிக்கொள்ளும்.
பல் பட்டால் ஒட்டிக்கொண்டு மானத்தை வாங்கும்.
மூன்றாவது மெல்லுக்கே விழுங்கிவிட்டு
மிச்ச நாற்பத்தேழையும்
வெறும் வாயால் கட்டிக் கழித்தேன்.

மண்டியில் மத்தியானம்
எல்லோரும் தின்று, கை கழுவி, பீடியும் முடிந்தபின்
திம்மராயன் எட்டிப் பார்ப்பான்:
நஞ்சம்மாக்கா, இன்னும் மொத வாய்தானா?

மூன்று மாதத்தில் வலி பாதியானது.
சாமையா, மாத்திரையா,
ஒரு நாளில் நாற்பது நிமிடம்
சும்மா உட்கார்ந்ததா,
எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்று தெரியவில்லை.

பிறகு விலை விழுந்தது.
பெட்டி அறுபது ரூபாய்.
மறுநாள் நாற்பது.
டெம்போ வாடகையே அதைவிட அதிகம்.
கெலமங்கலம் பக்கத்துக்காரர் ஒருவர்
சீட்டை வாங்கிப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
சீட்டை மடித்து என் மேசையிலேயே வைத்துவிட்டு
ரயில்வே கேட்டுக்கு அந்தப்புறம்
வண்டியோடு கவிழ்த்துவிட்டுப் போனார்.

கேட் மூடியிருந்தது, நின்றேன்.
சிவப்பாக ஒரு மேடு.
ஏழெட்டு மாடுகள்
தின்றுவிட்டுப் படுத்து
எண்ணாமல் மென்றுகொண்டிருந்தன.

அடிபடாத ஒன்றை எடுத்து
முந்தானையில் துடைத்துக் கடித்தேன்.
ஐந்து மாதம் கழித்து.
புளிப்பு காதுவரை ஏறியது.
ஐம்பது மெல்ல அதில் என்ன இருக்கிறது,
ஏழிலேயே நீராகிப் போனது.
விதை ஒன்று மட்டும் கடைவாயில் மாட்டி
சாயங்காலம்வரை
நாக்கை வேலை வாங்கியது.

மறுநாள் விரல் வலித்தது.
தக்காளியாலா,
அந்தச் சீட்டைக் கிழிக்கலாமா வேண்டாமா என்று
ராத்திரி முழுக்க மடித்து மடித்துப் பிரித்ததாலா.

எத்தனைக்கா, என்றான் திம்மராயன்.
ஏழு, என்றேன் ஏதோ நினைப்பில்.
அவன் ஏழு பெட்டியைத் தூக்கித்
தனியாக அடுக்கிவிட்டான்.