கட்டி

ஒரு கிலோ நானூற்று இருபது கிராம்.
மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்திருக்கிறேன் என் பையை.
ஆலன் சாவி ஏழு, டயர் நெம்பி மூன்று,
செயின் பிரிக்கும் கருவி, உதிரி டியூப்,
பஞ்சர் சொல்யூஷன், உப்புத்தாள்,
கையளவு பம்பு,
எதற்கென்று மறந்துபோன ஒரு திருகாணி.
நான்கு வருடம் எதுவும் கெடவில்லை.
இந்த எடைக்குப் பயந்துதான் கெடவில்லை என்று
நம்பத் தொடங்கியிருந்தேன்.

முனிரத்தினம் பையில் அவித்த முட்டை இரண்டு.
உப்பும் மிளகும் தனிப் பொட்டலம்.
"அதான் உங்கிட்ட எல்லாம் இருக்கே" என்பான்.

ஊத்துக்கோட்டை தாண்டுகையில் இருட்டு.
சுருட்டப்பள்ளியில்
விஷம் குடித்த களைப்பில் மல்லாந்திருக்கும் சாமிக்கு
இன்னும் நடை திறக்கவில்லை.
நாகலாபுரத்தில் டீ.
அதற்கப்புறம் கரும்பு, கரும்பு,
மாங்காய் லாரி,
பின்சக்கரத்தில் ஒரு பெருமூச்சு.

சொல்ல வெட்கம்தான், சந்தோஷப்பட்டேன்.
படித்த கேள்வியே வந்துவிட்ட தேர்வறை.
துண்டை விரித்து
ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினேன்.
பதினோரு நிமிடம், புது டியூப்.
முனிரத்தினம் முதல் முட்டையை உரித்து முடித்திருந்தான்.

இரண்டாவது பெருமூச்சு மூன்றாவது கிலோமீட்டரில்.
டயரின் உள்வட்டத்தில்
ஒருமுறை விரலை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.
சீமைக்கருவேல முள்
காலிசெய்ய மறுக்கும் குடித்தனக்காரனாக
அங்கேயே இருந்தது.
சொல்யூஷன் டியூப்பைப் பிதுக்கினேன்.
இதுவரை மூடி திறக்காத டியூப்.
டயரில் இருக்க வேண்டிய காற்று
அதற்குள் இருந்தது.

பம்பை எறிந்தேன்.
போய் எடுத்து வந்தேன்.

முனிரத்தினம் அதற்குள் வரப்பில் இறங்கி
காய்ந்த புல்லைக் கைகொண்ட மட்டும் பிடுங்கிக்கொண்டிருந்தான்.
"டயர்ல அடை."
"யார் சொன்னா?"
"யாரும் சொல்லல. வேற என்ன இருக்கு இங்க?"

ஒரு டயருக்கு எவ்வளவு புல் பிடிக்கும் என்று
எவனும் எழுதிவைக்கவில்லை.
நிறையப் பிடிக்கும்.
மூன்று நெம்பியும் முனை மழுங்கின.
அதன்பின் நாலு கிலோமீட்டர்
கல்யாண வீட்டுக்கு வந்த நொண்டி மாடு மாதிரி
ஏறி இறங்கி ஏறி இறங்கி.
ஒரு வெள்ளாடு கொஞ்ச தூரம்
சக்கரத்தை மோந்தபடி கூடவே வந்தது.

பிச்சாட்டூர் முனையில் ஓபுலேசு கடை.
சக்கரத்தைக் கழற்றி மடியில் வைத்து
கட்டைவிரலால் நாலு இடம் அமுக்கினார்.
முகத்தில் ஒன்றும் இல்லை.
"லோபல கட்டி உந்தி" என்றார்.

உள்ளே கட்டி இருக்கிறது.

போன புதன்கிழமை திருவள்ளூரில்
ஸ்கேன் அறைக் கதவை ஒருக்களித்துத் திறந்து
ஒரு சின்னப் பெண்
இதே குரலில், இதே இரண்டு வார்த்தையில்
என்னிடம் சொன்னாள்.
கோமளா அப்போது
உள்ளே புடவை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"டேய், கட்டின்னா புல்லுடா" என்றான் முனிரத்தினம்.
"தெலுங்குல புல்லு."
எனக்கும் தெரியும்.
எல்லையில் பிறந்தவன், எனக்குத் தெரியாதா.

ஓபுலேசு கொக்கியை விட்டு
கொத்துக் கொத்தாக வெளியே இழுத்தார்.
தார்க்கறை, பச்சை வாடை,
பாதி பொடியாகி, பாதி கயிறாகி.
தெருவில் வீசியதும்
எங்கிருந்தோ ஒரு கன்றுக்குட்டி வந்து
மோந்து பார்த்தது.
தின்னவில்லை.

டியூப்பைத் தண்ணீரில் முக்கினார்.
குமிழி வந்த இடத்தில் சாக்பீஸ் வட்டம்.
பையைத் திறந்து
என்னிடம் உப்புத்தாள் இருக்கிறது என்று நீட்டினேன்.
வாங்கித் தேய்த்தார்.
அதுவாவது.

நாற்பது ரூபாய்.
ரிப்போர்ட் செவ்வாய்க்கிழமை.

முனிரத்தினம் இரண்டாவது முட்டையை
உரித்து என்முன் நீட்டிக்கொண்டு நிற்கிறான்.
வெகுநேரமாக நிற்கிறான் போல.
"உப்பு வேணுமா, வேணாமா?"