இரண்டரை மணி நேரம்

மெஹபூலாவில் அப்போது மூன்றாம் மாடி.
ஏழு மணிக்குப் பேய் வரும்.
ஊரில் ஒன்பதரை.
அபுதாகிர் குபூஸைக் கிழித்தபடி முன்னால் உட்காருவான்.
ஸ்டனிஸ்லாஸ் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு
இதையெல்லாம் பார்ப்பதில்லை என்பான்.
விளம்பரம் வந்ததும்
'எடுத்துட்டாளா?' என்பான்.

தூசிக்காற்று கிளம்பினால்
மொட்டைமாடி டிஷ் லேசாய்த் திரும்பிவிடும்,
மரகதவல்லி வருவதற்கு முன்
படம் சதுரம் சதுரமாய் உடையும்.
காற்றின் வேலையா அவள் வேலையா என்று
கடைசிவரை எங்களுக்குத் தெரியாது.
பயந்தது மட்டும் நிஜம்.

குவைத்துக்குப் போனவன் பெண்டாட்டி
காய்ச்சலில் செத்துப்போகிறாள்.
மாதாமாதம் வரும் டிராஃப்ட் நின்றுவிடக் கூடாதென்று
வீட்டில் சாவை மறைக்கிறார்கள்.
வெள்ளிக்கிழமை போன் அடிக்கிறது.
எல்லோரும் பின்வாங்க
அவளே வந்து எடுக்கிறாள்.
இவ்வளவுதான் கதை.

அவர்கள் காட்டிய குவைத்
வளசரவாக்கத்தில் ஏதோ மண்டபம்,
வாசலில் வாடகை ஒட்டகம்.
'பதினோரு வருஷமா நான் பாக்காத ஒட்டகம்டா' என்பான் அபுதாகிர்.

இருநூற்றுப் பன்னிரண்டு எபிசோட்
புருஷனுக்குத் தெரியவே தெரியாது.
'சாப்பிட்டீங்களா' என்பாள் செத்தவள்.
'ஆச்சு தங்கம்' என்பான் மடையன்.
வாய்க்கு வந்தபடி திட்டுவோம்.
மறுநாள் ஏழு மணிக்கு உட்கார்ந்துவிடுவோம்.

அபுதாகிர் அதிராம்பட்டினத்தில் பெயிண்ட் கடை வைத்துவிட்டான்.
ஸ்டனிஸ்லாஸின் நம்பர் உபயோகத்தில் இல்லை.
நான் சில்லர் பிளான்ட்டில் நைட் ஷிப்ட் முடித்து
ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு
ஒன்றரை மடங்கு வேகத்தில் திரும்பப் பார்க்கிறேன்.
பவுடர் தெரிகிறது. சவுரி தெரிகிறது.
மரகதவல்லி படியிறங்கும்போது
கீழே யாரோ ஃபேன் பிடித்திருப்பதும் தெரிகிறது.

இதற்கு முன்பே ஒரு படம் வந்திருந்ததாம்,
இந்த வயதில்தான் கண்ணில் பட்டது.
அதில் அவளுக்குப் பெயர் இல்லை.
மொத்தம் ஒன்பது நிமிடம் வருகிறாள்,
வெளிச்சம் பத்தாத கூடத்தில், கறுப்பு போன் பக்கத்தில்.
'உடம்பப் பாத்துக்குங்க' என்கிறாள்.
முதல் அழைப்பு. முதல் வரி.
அவன் முகம் மாறுகிறது.
அவன் பெண்டாட்டி ஒரு நாளும் அப்படிப் பேசினவள் இல்லை,
வட்டிக்காரன் வந்ததில் ஆரம்பித்துச்
சண்டையில் முடிப்பவள்.
அவன் ஒன்றும் கேட்கவில்லை.
அடுத்த வெள்ளிக்கிழமை
காசைக் கையில் பொத்திக்கொண்டு
மறுபடியும் வரிசையில் நிற்கிறான்.

நான் படத்தை நிறுத்தி
பாத்ரூமில் போய் முகம் கழுவினேன்.

வியாழன் இரவு பூமயில் பேசினாள்.
வைக்கும்போது, 'நல்லாத் தூங்குங்க' என்றாள்.
எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.
இருபத்தாறு வருஷத்தில் புது வாக்கியம்.
'கூட்டுறவு பேங்க் நகைய மூட்டாச்சா?' என்றேன்.
சத்தமே இல்லை.
ஃப்ரிட்ஜ் இங்கே நின்று மறுபடி ஓடியது.
'எத்தனையாவது எபிசோட்டுல இருக்கீக?' என்றாள்.

'படம்' என்றேன்.
'அதுல உடனே கண்டுபிடிச்சிருவானே.'
'ம்.'
'இன்வெர்ட்டர் பேட்டரிக்கு எட்டாயிரம் கேக்குறான்,
போன மாசமே சொன்னேன், காதுல வாங்குனாத்தானே,
எனக்கென்ன இருட்டுலயே கிடக்கேன்.'
இன்னும் என்னென்னமோ சொன்னாள்.
தலையணையைச் சாய்த்துக்கொண்டு
முழுவதையும் கேட்டேன்.

பிறகு அவளாகவே,
'ஒண்ணு கவனிச்சீகளா,
அவன் போனை வச்சதும் படம் அவங்கிட்ட போயிருது.
அவ வச்சாளா இல்லையான்னு
காட்டவே இல்ல.'

நாற்பத்தோராவது நிமிடம்.
நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன்.
அவன் வைக்கிறான்.
கூடத்தில் ரிசீவர் இன்னும் அவள் காதில்.
உதடு எதற்கோ திறக்கிறது.
வெட்டு.
துறைமுகம், கிரேன், ஒரு லாரி.
அப்புறம் ஊட்டியில் ஒரு பாட்டு.